கிண்ணத்தில் இருப்பது

ஓரிக்கை என்ற பெயருக்கு ஊரில் சொல்லப்படும் விளக்கம் 'ஓர் இரவு இருக்கை'. பல்லவ அரசன் கணிகண்ணனை நாடுகடத்தினான். சீடனுக்காகத் திருமழிசையாழ்வார் கிளம்பினார். ஆழ்வார் சொன்னார் என்பதற்காகப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு காஞ்சியை விட்டுக் கிளம்பினார். இங்கே ஒரு ராத்திரி தங்கினார்கள். அரசன் வந்து மன்னிப்புக் கேட்டதும் திரும்பிப் போய்விட்டார்கள். சிறு வயதிலிருந்தே எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. காலையில் அவர்கள் எழுந்து போனபின் இங்கே ஏதாவது மிச்சமிருந்ததா? இருந்தது என்றால் பாலாற்று மணலுக்கும் இந்த ஊர் மண்ணுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கவேண்டும். இல்லை என்றால் ஊரின் பெயர் வெறும் ஞாபகம்.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பிரிந்து நிற்கிற விஷயங்கள் பல (போப்பின் அதிகாரம், மாதா வணக்கம், உத்தரிக்கிற ஸ்தலம் என்று நீளும்). அவற்றில் எனக்கு ஆழமானதாகப் படுவது இதே கேள்விதான். கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகும் நற்கருணைப் பேழையருகே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது அப்பம் அல்ல, கிறிஸ்துவின் சரீரம். நிறமும் ருசியும் மட்டுமே அப்பத்தினுடையவை. பொருள் முழுக்க மாறிவிட்டது. 1551இல் திரெந்து சங்கம் இதைத் திட்டவட்டமாக வரையறுத்தது. லூத்தர் பொருள் மாறுவதை மறுத்தாரே தவிர, இருப்பை மறுக்கவில்லை. 1529இல் மார்பர்க் நகரில் ஸ்விங்லியோடு வாதிட உட்கார்ந்தபோது, அப்பத்தைக் காட்டிக் கிறிஸ்து சொன்ன வாக்கியத்தை மேஜைமேல் சாக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு, அதை விட்டு அசையமாட்டேன் என்றார். ஸ்விங்லிக்கு அப்பம் ஞாபகச் சின்னம். லூத்தர் சபையில் இருப்பு பந்தியோடு சரி. அதன் பிறகு பேழையில் வைத்து வணங்குவது கிடையாது. அதுவும் ஓர் இரவு இருக்கைதான்.

1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதோடு இந்தத் தர்க்கமும் நம் கரைக்கு வந்துவிட்டது. லூத்தரன்களை எதிர்த்து வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்' எழுதினார். யார் ஜெயித்தார்களோ, தமிழ் உரைநடைக்கு லாபம். ஆனால் இங்கே உண்மையான கலகம் நடந்தது அந்த ஏடுகளில் அல்ல என்பது என் எண்ணம்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்து, லூத்தரன் மரபில் ஊறியவர். சரபோஜியின் அரண்மனையில் மதிக்கப்பட்டவர். 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தவர். பின்னால் வந்த புது மிஷனரிகள் இழைத்த கொடுமைகள் என்று அவர் நான்கைக் குறித்து வைத்தார். பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றினார்கள், பூவை விலக்கினார்கள், தமிழ்ப் பாட்டை விலக்கினார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக வைத்து நற்கருணை கொடுக்கப் பார்த்தார்கள். முதல் மூன்றிலும் நான் சாஸ்திரியார் பக்கம். கல்யாணத்தில் பூ இருந்தால் விசுவாசம் கெட்டுவிடும் என்று நினைக்கிற மனசின் வறட்சி எனக்குப் பிடிபடுவதில்லை. நான்காவதில் அவரோடு போக முடியவில்லை. கபடர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. சாதி உலக மரியாதையைச் சேர்ந்தது, மோட்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் மனமார நம்பினார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அடியோடு ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

கிண்ணத்தில் கிறிஸ்து எந்த முறையில் இருக்கிறார், அல்லது இல்லை, என்பதில் ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்காகப் பிளந்து கிடந்தது. இங்கே, முன்னால் குடித்தவனின் சாதி அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே எழவில்லை. அதற்குச் சங்கம் கூடவேண்டியிருக்கவில்லை, சாக்கட்டியும் தேவைப்படவில்லை. நிறம் மாறாமல், ருசி மாறாமல், ஒரு உதடு பட்டதும் பொருள் மாறிவிடும் என்று நம்பியவர்கள், அப்பத்தின் விஷயத்தில் அதே நம்பிக்கையை ரோமின் மூடத்தனம் என்று கேலி செய்தார்கள். எச்சில் என்பது நம் தேசத்தின் நற்கருணைத் தத்துவம். தலைகீழான தத்துவம்.

கத்தோலிக்கர் இதிலிருந்து தப்பிவிடவில்லை. கிண்ணம் குருவுக்கு மட்டும் என்றிருந்ததால் சண்டை அவர்களிடம் கிண்ணத்தின் வழியாக வரவில்லை. சுவராக வந்தது. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக ஜனங்களைப் பிரித்து நிறுத்திய சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பீடம், ஒரே அப்பம். இருப்பை அவ்வளவு ஸ்தூலமாக நம்பியவர்கள், அது ஒரு செங்கல் சுவரைத் தாண்டும் என்று மட்டும் நம்பவில்லை.

இதையெல்லாம் ஒரு இந்து எழுதுவது சுலபம். அந்தச் சுலபம் எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர்க் கதையில் பெருமாளையே கிளப்பிக்கொண்டு போன ஆழ்வார், பிரம்பறுப்பவர் வீட்டில் வளர்ந்தவர். பெரும்புலியூரில் அவர் வந்ததைப் பார்த்து வேதம் ஓதுவதை நிறுத்தினார்கள் என்றும் கதை சொல்கிறது. இவ்வளவும் தெரிந்தவள் என் பாட்டி. கண்ணில் நீர் வரச் சொல்லுவாள். அதே பாட்டி, தறி வீட்டுத் தாழ்வாரத்தில் ஓட்டுக்கடியில் ஒரு அலுமினிய டம்ளரைச் செருகி வைத்திருந்தாள். விறகு பிளக்க வருகிறவருக்கு மட்டும் அது. அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே செருகிவிட்டுப் போவார். அதில் ஒன்றும் விசேஷமாக எனக்கு அப்போது தெரிந்ததில்லை.

பாட்டி போய்ப் பல வருஷமாகிறது. அந்த மனிதரும் இல்லை. போன வருஷம் ஓடு பிரித்தபோது டம்ளர் நசுங்கிக் கீழே விழுந்தது. தூக்கி எறிய மனசு வரவில்லை. மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து வைக்கவும் கை வரவில்லை. சில நாள் ஜன்னல் திட்டில் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அதில் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், அதற்கு முன் அதை மூன்று தடவை கழுவியிருந்தேன்.