பெயர் தெரியாத கைகள்



யாழ்ப்பாணத்து இணுவிலில் 1898ஆம் ஆண்டு பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அங்கு பணிபுரிந்த டாக்டர் இசபெல்லா கர் அம்மையாரை வரலாறு அறியும். சிலாவத்துறையில் நம் பாட்டன்மாரைக் கையில் ஏந்திய மருத்துவிச்சிகளை யார் அறிவார்?

உதவியவர் இறந்துவிட்டால் நன்றிக்கடன் தீர்ந்துவிடுமா? தீராது. அவர் பெயரைத் தேடி எடுப்பதே நம்மால் இயன்ற கைம்மாறு.

இளைஞரே, கூலி எதிர்பாராமல் ஒரு கொப்பியுடன் புறப்படுங்கள். பங்குத்தந்தையின் அனுமதியோடு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். மரண ஆபத்திலிருந்த சிசுவுக்கு மருத்துவிச்சியே ஞானஸ்நானம் கொடுத்திருந்தால், அவர் பெயர் அங்கே இருக்கக்கூடும். மூதாட்டிகளிடம் கேளுங்கள், முஸ்லிம் அயலவரிடமும் கேளுங்கள். பேறுகால வேதனையில் மதம் பார்ப்பவர் யார்?

பதிவேடு காத்திருக்கும், மூதாட்டிகளின் ஆயுள் காத்திராது.