யாருடைய இரகசியம்?

நோயாளியின் படுக்கையருகே கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லாதிருத்தல் வைத்தியத் தொழிலின் முதல் அறம் என்று ஹிப்பொக்கிரட்டீஸ் காலந்தொட்டுப் போதிக்கப்பட்டு வருகிறது. அந்த அறத்தை நாம் மதிக்கிறோம். ஆயின், வைத்தியரும் தாதியரும் காத்துவரும் மௌனங்கள் யாவும் அந்த ஓர் அறத்தின் வயிற்றில் பிறந்தவைதாமா? 2019ஆம் ஆண்டு எம்முடைய கரையோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று.

அவ்வாண்டு ஏப்ரல் 21இல் குண்டுகள் வெடித்தன. மே 12ஆந் திகதி சிலாபத்தில், இஸ்லாமியக் கடைக்காரர் ஒருவர் முகநூலில் எழுதிய ஒரு வரி, அதிகம் சிரிக்க வேண்டாம், ஒரு நாள் அழ நேரும் என்னும் பொருள்பட எழுதப்பட்டது, பயமுறுத்தலாக வாசிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் கல்லெறிக்கு உள்ளாயின. மறுநாள் வன்செயல் ஊர் ஊராகப் பரவி, எமது மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு மனித உயிரைப் பலிகொண்டது. சரியாகப் பத்து நாட்கள் கழித்து, மே 23இல், சிங்கள நாளிதழொன்றின் முதற்பக்கம், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 பௌத்தத் தாய்மாருக்குச் சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று அறிவித்தது. குருநாகல் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் மறுநாளே கைதுசெய்யப்பட்டார்.

குருநாகல் எமக்குத் தூரத்து ஊரன்று. ஒரே மாகாணம், புத்தளத்திலும் சிலாபத்திலும் இயலாத நோய்க்கும் பேறுகாலச் சிக்கலுக்கும் எம்மவர் போய்ச் சேருமிடம் அது. அந்த வாரத்தில் எம் வகுப்பு மாணவியொருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "சேர், வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்கும்போது தாய்க்குத் தெரியாமலே இனிப் பிள்ளை பிறக்காமற் செய்துவிடலாமாம், உண்மையா?" அவளுடைய அக்கா நிறைமாதக் கர்ப்பிணி, குருநாகலுக்கு அனுப்பினால் போகமாட்டேன் என்று வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாளாம். தமிழாசிரியராகிய எமக்கு விடை தெரியவில்லை. பழைய மாணவன் ஒருவனின் தாய் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் தாதி. அவரிடம் போய்க் கேட்டோம். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் விளக்கினார். சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒருவர் தனியாக நிற்பதில்லை. மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியர், துணை வைத்தியர், தாதியர், சிற்றூழியர் என்று பலர் சுற்றி நிற்பர். "குழாயைக் கட்டி வெட்டுறதென்றால் பக்கத்தில நிற்கிற எங்களுக்குத் தெரியாமல் நடக்குமா, சேர்?" என்றார். விடைபெறும்போது வாசல்வரை வந்து, "நான் சொன்னதென்று எங்கேயும் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

அவர் மறைத்தது எந்த நோயாளியின் இரகசியத்தை? ஒருவருடையதையுமன்று. வைத்தியப் பாடநூலில் அச்சிட்டிருக்கும் பொது அறிவைத்தான் அவர் ஒளித்து வைத்துச் சொன்னார்.

நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு செய்ய வரிசையில் நின்றனர். அவர்களை நாம் பழிக்கமாட்டோம். பிள்ளையில்லாத ஏக்கத்துக்கு ஒரு காரணம் தேடி நின்ற ஏழைப் பெண்கள் அவர்களுட் பலர். அந்த ஏக்கத்தைப் பகையாக்கி விற்றவர்களே குற்றவாளிகள். குற்றப்புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது. வைத்தியரோடு சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்ற தாதியர் அப்படியொன்றும் நடக்கவில்லை என்றே வாக்குமூலம் அளித்தனர். குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்று திணைக்களம் ஜூன் மாதத்தில் நீதிமன்றுக்குத் தெரிவித்தது; ஜூலை 25இல் அவருக்குப் பிணை கிடைத்தது. ஆகவே, உண்மையை அறிந்தவர்கள் முதல் நாளே இருந்தார்கள். வதந்திக்கு ஆயிரம் நாவிருந்தது. அறிந்தவருக்கோ விசாரணை அதிகாரியின் மேசைக்கு முன்னால் மட்டுமே நாவிருந்தது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. அரசாங்க ஊழியர் அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் கொடுக்கலாகாது என்பது தாபன விதிக்கோவையின் பழைய பாடம். 2022 செப்டெம்பரில் வந்த சுற்றறிக்கை, சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவதும் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியதென எச்சரித்தது. சட்டம் இல்லாவிடினும் இனத்தவரின் முகம் கோணுமே என்ற பயம் வேறு. நோயாளியைக் காப்பதற்கென்று பிறந்த மௌனத்தை நிருவாகம் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டுவிட்டது. இது எமது நாட்டுக்கு மட்டுமுரிய நோயுமன்று. வூஹான் நகரத்துக் கண்வைத்தியர் லீ வென்லியாங், 2019 டிசெம்பர் 30இல் புதிய காய்ச்சல் குறித்துத் தம் சக வைத்தியர்களை எச்சரித்துச் செய்தி அனுப்பினார். நான்கு நாளில் பொலிசார் அவரை அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். 2020 பெப்ரவரி 7இல் அதே நோயால் அவர் இறந்தார். மக்கள் பெயரால் ஆளும் நாட்டில் இது நடந்ததென்பதை இடதுசாரிகளாகிய நாம் விழுங்கிவிடலாகாது.

எனில் வைத்தியரும் தாதியரும் அறிந்ததையெல்லாம் கைப்பேசியில் ஏற்றிவிடலாமா? ஒருபோதும் இல்லை. 2016இல் குளியாப்பிட்டியில் நடந்ததை ஆசிரியராகிய நாம் வெட்கத்தோடுதான் நினைவுகூர வேண்டும். தந்தையின் மரணத்தைச் சுற்றி எழுந்த ஊர்ப்பேச்சினால், ஆறு வயதுச் சிறுவனொருவனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாகக் கதை பரவியது. பாடசாலைகள் கதவடைத்தன. தொற்றில்லை என்ற வைத்தியச் சான்றிதழைத் தாய் காட்டினார், பெற்றோர் நம்பவில்லை. முடிவில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. இங்கே இரண்டு கொடுமைகள் உள. ஒரு குழந்தையின் இரத்தப் பரிசோதனை முடிவு ஊர் முழுதும் விவாதிக்கும் பொருளாயிற்று. மற்றொன்று, சான்றிதழ் வேறாக இருந்திருந்தால் அவனை விரட்டியது சரியாகியிருக்கும் என்ற எண்ணத்தை எவரும் கடிந்துகொள்ளவில்லை போலும். வகுப்பில் அருகருகே அமர்வதால் அந்நோய் தொற்றாது என்ற பொது உண்மை ஊரிலே முன்பே வேரூன்றியிருக்குமானால், அத்தாய் எந்தத் தாளையும் எவருக்கும் காட்ட வேண்டியிருந்திராது. பேசவேண்டியதைப் பேசாதபோது, பேசக்கூடாதது வீதிக்கு வந்துவிடுகிறது.

கொரோனாக் காலத்தில் இதையே பெரிய அளவில் கண்டோம். எரித்தலும் புதைத்தலும் இரண்டும் தகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்க, 2020 ஏப்ரல் வர்த்தமானி எரித்தலையே கட்டாயமாக்கியது. டிசெம்பரில் இருபது நாள் சிசுவொன்றும் எரிக்கப்பட்டது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முதியவர்கள் நோயைக் காட்டிலும் அந்த நெருப்புக்கு அஞ்சினர். நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்ற வாதத்துக்கு ஆதாரமில்லை என்பது துறை அறிந்தோருக்குத் தெரியும். எனினும் இலங்கை மருத்துவச் சங்கம், புதைக்கலாம் என்ற தன் கருத்தை வெளிப்படையாக அறிவித்தது 2021 ஜனவரியில். தடை நீங்கியது பெப்ரவரி இறுதியில். அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்ததோ 2024 ஜூலையில்! சங்கம் பேசியதை நன்றியோடு குறிக்கிறோம். அந்த ஒன்பது மாத மௌனத்தையும் உடன் குறிக்கிறோம்.

தனி வைத்தியர் துணிந்து பேசுவதிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பதில் அத்தியட்சகராயிருந்த இராமநாதன் அர்ச்சுனா, குறைகளை முகநூல் வழியாக நேரே மக்கள் முன் வைத்தார். மக்கள் வீதிக்கு இறங்கினர். நவம்பரில் அவரைப் பாராளுமன்றத்துக்கும் அனுப்பினர். அடைபட்ட வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாய்ந்த கதை இது. ஆயினும் விவாதம் விரைவில் வைத்தியசாலையை விட்டு மனிதரைச் சுற்றத் தொடங்கியது என்பது எம் எண்ணம். குறை சொல்ல ஒழுங்கான வழி இருக்குமிடத்தில் வீரர்கள் தேவைப்படார்.

மொழியும் இதில் ஒரு பங்காளி. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, நூல்களும் ஆக்குவித்தார். எம் காலத்தில் வைத்தியர் எம்.கே.முருகானந்தன் போன்றோர் நோயை நல்ல தமிழில் விளக்கி எழுதிவருகின்றனர். அவர்களைப் போல் இன்னும் பலர் எழுதவேண்டும். எழுதுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையற்ற நிலையும் வேண்டும்.

வைத்தியர் ஷாபிக்கு 2022இல் நிலுவைச் சம்பளம் கிடைத்தது, 26 இலட்சம் ரூபாவுக்கு மேல். மருந்துக்கு நாடு தவித்த அந்நாளில் அவர் அத்தொகையை மருந்து வாங்குமாறு சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். செய்தியை வகுப்பில் வாசித்தோம். 2019இல் கேள்வி கேட்ட மாணவி அப்போது பாடசாலையை விட்டுப் போயிருந்தாள். அவளுடைய அக்கா குருநாகலில்தான் பிள்ளை பெற்றாள்.

இவ்வாண்டு பெற்றோர் கூட்டத்தில் பேறுகாலம் பற்றியும் தடுப்பூசி பற்றியும் தமிழில் பேசும்படி குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரை அழைத்தோம். வர விருப்பந்தான், மேலிடத்து அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார். உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். இரண்டு மாதமாகிறது, பதில் வரவில்லை. நினைவூட்டி மறுபடியும் எழுதியிருக்கிறோம்.