நாயின் அச்சமும் அபய தானமும்

சமண அறநூல்கள் தானத்தை உணவு, மருந்து, கல்வி, அபயம் என நான்காகப் பகுக்கின்றன. இவற்றுள் அபய தானம் என்பது, அஞ்சி நிற்கும் உயிரைக் காத்து அதன் அச்சத்தைப் போக்குவதையும், தன்னால் எவ்வுயிர்க்கும் அச்சம் நேராதவாறு ஒழுகுவதையும் ஒருங்கே குறிக்கும். அஞ்சி வந்தவரைக் காத்தல் இந்நாட்டில் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு, இடைக்காலக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்ற பெயரோடு குறிக்கப்படும் அடைக்கல இடங்கள் சான்று. அவ்வாறு அஞ்சி ஒடுங்குவது தீபாவளி வெடிச்சத்தம் கேட்ட ஒரு நாயாக இருப்பின், இந்த அறம் அதற்கும் உரியதா, உரியதெனில் அதை எவ்வாறு அளிப்பது என்னும் வினா எழுகிறது.

நாயின் அச்சத்துக்குக் காரணமே இல்லை, தெருவில் வெடிக்கும் வெடி வீட்டுக்குள் இருக்கும் நாயை ஒன்றும் செய்யாது, ஆகவே அதைத் துன்பமாகக் கருத வேண்டியதில்லை என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதம் அச்சத்தின் காரணத்தையும் அச்சத்தால் வரும் துன்பத்தையும் ஒன்றாகக் குழப்புகிறது. சீவகாருணிய ஒழுக்கம் பற்றி எழுதிய வள்ளலார், உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, கொலை, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் என்று எண்ணியபோது பயத்தையும் தனியே வைத்தார். பசியையும் கொலையையும் நீக்குவதைப் 'பர' சீவகாருணியம், அதாவது மேலான இரக்கம் என்றும், ஏனையவற்றை நீக்குவதை 'அபர' சீவகாருணியம், அதாவது அதற்கு அடுத்த நிலையிலுள்ள இரக்கம் என்றும் அவர் வகுத்தார். அடுத்த நிலை என்பதால் அது கைவிடத்தக்கதாகிவிடாது.

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்க, நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெடி வெடித்ததும் காதுகள் பின்னோக்கி மடங்கி, வால் கால்களுக்கிடையில் ஒடுங்கி, கண்மணி விரிந்து, வெயிலே இல்லாத ஐப்பசி மாலையிலும் அது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. விரும்பி உண்ணும் இறைச்சித் துண்டை மூக்கருகே நீட்டினாலும் முகம் திருப்பிக்கொள்கிறது. அஞ்சும் குழந்தையிடம் இது பண்டிகை, நாளை ஓய்ந்துவிடும் என்று சொல்லித் தேற்றலாம். நாய்க்கு அந்த நாளை என்பதைச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. எனவே அதன் அச்சத்துக்கு அது அறிந்த முடிவு எதுவும் இல்லை. சொல்லால் தேற்ற இயலாத உயிருக்கு அபயத்தை இடமாகவும் இருப்பாகவுமே அளிக்க முடியும்: சன்னல் சாத்தி, திரையிட்டு, மின்விசிறியோ தொலைக்காட்சியோ ஓடும் உள்ளறை ஒன்று, அதில் அது தானே தேர்ந்துகொள்ளும் மூலை, அருகே பதற்றமின்றி அமர்ந்திருக்கும் பழகிய மனிதர்.

அஞ்சும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்ற பழைய பயிற்சியாளர் கருத்து இன்றும் பலரைத் தயங்கவைக்கிறது. வெகுமதியால் வலுப்பெறுவது விலங்கு தானாகச் செய்யும் செயல். அச்சமோ அதற்கு நேரும் உணர்ச்சி. ஆறுதல் தேடி மடியருகே வரும் நாயை விலக்கித் தள்ளுவதற்கு இக்கருத்து நியாயமாகாது. சத்தத்துக்குப் பழகட்டும் என்று வெடிக்குமிடத்தருகே அதைக் கட்டிவைப்பது பயிற்சியன்று, வன்முறை. உண்மையான பழக்கம் பண்டிகைக்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்குகிறது: பதிவுசெய்த வெடியொலியை, நாய் உண்பதை நிறுத்தாத அளவுக்கு மிக மெல்லியதாக ஒலிக்கவிட்டு, உடனுக்குடன் அதற்குப் பிடித்த உணவைத் தந்து, அது இயல்பாக இருக்கும் வரையில் மட்டுமே ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அச்சம் கடுமையாக உள்ள நாய்க்குக் கால்நடை மருத்துவரின் மருந்தும் தேவைப்படலாம். ஆனால் சில மயக்க மருந்துகள் உடலை அசையாமல் கிடத்துமேயன்றி அச்சத்தைக் குறைப்பதில்லை. அவ்வாறு கிடக்கும் நாயைக் கண்டு நிம்மதி பெறுவது வீட்டார் மட்டுமே. ஆதலால், மருந்து அச்சத்தைத் தணிக்குமா, உடலை மட்டும் அடக்குமா என்று மருத்துவரிடம் கேட்டறிவதும் இந்த அறத்தின் பகுதியே.

மகாபாரதத்தின் இறுதியில் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுக்கும் தருமன், அஞ்சியவரையும் அடைக்கலம் புகுந்தவரையும் கைவிடாமையைத் தன் விரதமாகக் கூறுகிறான். தருமன் அந்த நாயை அச்சுறுத்தியவன் அல்லன். தீபாவளி மாலையிலோ அடைக்கலம் தரும் கையும் திரியில் நெருப்பு வைக்கும் கையும் பெரும்பாலும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை. ஆகவே இங்கே அபயம் அளிப்பது புண்ணியம் என்பதைவிடக் கடன் என்பதே பொருந்தும். சமணர்க்குத் தீபாவளி மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள் என்பதையும், அதை விளக்கேற்றிக் கொண்டாடும் மரபு அவர்களுடையது என்பதையும் இங்கே நினைப்பது தகும். ஒலியின்றிப் பண்டிகை இல்லை என்போர்க்குச் சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் விடையளித்திருக்கிறார்கள். வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் வெருளாதிருக்க அவர்கள் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகிறார்கள்.

உச்சநீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டித் தமிழ்நாட்டில் வெடி வெடிக்கக் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் வரையறுக்கப்பட்டன. அந்த வரையறையைக் காப்பதே பெருந்தொகையான உயிர்களுக்குச் செய்யும் அபய தானம். வீடில்லாத தெருநாய்களுக்கோ உள்ளறையும் இல்லை, திரையும் இல்லை. அந்த மாலையில் வெளிக்கதவைச் சற்றே திறந்துவைத்து, மாடிப்படியின் அடியில் ஒரு சாக்கை விரித்து, நுழையும் நாயை விரட்டாதிருக்க ஒவ்வொரு வீட்டாரும் முன்வர வேண்டும்.