கடமையில் தவறுதல்

திருப்பலியின் தொடக்கத்தில் நம் பாவங்களை அறிக்கையிடும்போது எண்ணம், பேச்சு, செய்கை ஆகிய மூன்றோடு நாம் நிறுத்திக்கொள்வதில்லை. நான்காவதாகக் கடமையில் தவறியதையும் சேர்த்துச் சொல்கிறோம். நாவுக்குப் பழகிவிட்டதால் அந்த நான்காவது, நெஞ்சைத் தொடாமலே கடந்துபோகிறது. ஒன்றும் செய்யாதிருந்தது எவ்வாறு பாவமாகும்? நகரக் காவலர் சிலரின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் காவல்துறை அந்தந்த நகராட்சியின் பொறுப்பில் இயங்குகிறது. மினசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸ் நகரில், 2020 மே 25 அன்று, 20 டாலர் கள்ளநோட்டைக் கொடுத்தார் என்ற புகாரின்பேரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் பிடிக்கப்பட்டார். கைவிலங்குடன் தெருவில் குப்புறக் கிடந்த அவர் கழுத்தின்மீது, டெரெக் சாவின் என்னும் மூத்த காவலர் 9 நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலை ஊன்றியிருந்தார். ஃபிளாய்ட் இறந்தார். சாவின் கொலைக் குற்றவாளி என 2021 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

நம் சிந்தனைக்கு உரியவர்கள் உடனிருந்த மற்ற மூவரே. அவர்களுள் இருவர் பயிற்சி முடிந்து பணியேற்றுச் சில நாள்களே ஆனவர்கள். ஒருவர், ஃபிளாய்டை ஒருக்களித்துப் படுக்கவைக்கலாமா என்று வினவினார். மூத்தவர் மறுத்ததும் அடங்கிவிட்டார். மற்றவர் நாடி பார்த்துத் துடிப்புத் தெரியவில்லை என்றார். ஆயினும் பிடியை விடவில்லை. மூன்றாமவர் கூடியிருந்தோரை விலக்கி நின்றார். வரம்பு மீறும் சக காவலரைத் தடுப்பது கடமை என்னும் விதி அத்துறையில் 2016 முதலே இருந்தது. மருத்துவ உதவி செய்யத் தவறியதற்காக மூவரையும், தடுக்கத் தவறியதற்காக இருவரையும் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் குற்றவாளிகள் எனக் கண்டது.

கீழ்ப்படிதல் இன்றிக் காவல்துறை இயங்காது என்பர் சிலர். ஆள்வோருக்குப் பணிந்திருக்குமாறு புனித பவுலும் உரோமையருக்கு எழுதினார். மெய்தான். ஆனால் மக்களின் நன்மைக்காக அதிகாரம் கடவுளுக்குப் பணி செய்கிறது என்பதே அவர் காட்டும் காரணம். அந்நன்மையைக் கைவிட்ட கட்டளைக்குப் பணியுமாறு அவர் சொல்லவில்லை. வினவிய அந்த இளைஞரிடம் மனச்சான்று பேசியிருக்கிறது. ஆனால் வினவியதோடு கடன் தீர்ந்துவிடவில்லை. அவரை இகழ்வது நமக்கு எளிது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மேலவரின் கையைப் பற்றித் தடுக்க நம்முள் எத்தனை பேர் துணிவோம்?

தன் தம்பிக்குத் தான் காவலாளியோ என்று கடவுளிடமே கேட்டவன் காயின். காவலர் என்னும் பெயரைத் தாங்கியவர் அவ்வினாவை எழுப்ப இயலாது. அப்பெயரிலேயே விடை இருக்கிறது. திருமுழுக்குப் பெற்ற நமக்கும் அது பொருந்தும். அலுவலகத்திலும் பங்குப் பேரவையிலும் குடும்பத்திலும் எளியவர் ஒருவர் நசுக்கப்படுவதை நாம் பார்த்துக்கொண்டு நின்ற வேளைகள் உண்டு. அடுத்த திருப்பலியில் அந்த நான்காவதைச் சொல்லும்போது சற்றே நிதானிப்போம். நாம் வாளா நின்ற இடத்தில் விழுந்துகிடந்தவரின் முகம் அப்போது நம் நினைவுக்கு வரட்டும்.