எண்ணிக்கை யாருடையது?

சுங்கை வேயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கை வந்து கேட்டாள்.

"அண்ணே, கண் நோய் ஆராய்ச்சிக்குப் போகப் போறேன். ரெண்டு பேராசிரியர் இருக்காங்க. ஒருத்தருக்கு ஹெச்-இன்டெக்ஸ் 40, இன்னொருத்தருக்கு 12. ஆனா அந்த 12தான் நோயாளிங்க பக்கத்துல உக்காந்து வேலை செய்றாரு. யார்கிட்ட சேர்றது?"

ஹெச்-இன்டெக்ஸ் என்பது 2005ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவரின் கட்டுரைகளில் 12 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 12 முறை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருந்தால் அவர் எண் 12. வேலை, மானியம், பதவி உயர்வு எல்லாவற்றிலும் இந்த மாதிரி எண்களைப் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் இருந்த தம்பி சட்டென்று சொன்னான்: "கீதையில சொல்லியிருக்கே, பலனை எதிர்பார்க்காதேன்னு. நம்பரைப் பார்க்காத, அவ்வளவுதான்."

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அவசரப் பதில் என்று எனக்குப் பட்டது.

மதுரையை எடுத்துக்கொள்வோம். 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே 1994ன் முதல் மூன்று மாதத்தில் கருவிழியில் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர் சீனிவாசன் குழுவினர் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமிகளில் பாக்டீரியாவுக்குச் சமமாகப் பூஞ்சையும் இருந்தது. 1997ல் கட்டுரை வந்தது.

பூஞ்சைக்கு எந்த மருந்து நல்லது? பழைய நேட்டமைசினா, புதிய வொரிகொனசோலா? டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய மருந்துதான் வென்றது. 2013ல் அதையும் எழுதி வெளியிட்டார்கள். 2017ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நேட்டமைசின் சேர்ந்தது.

இப்போ யோசிங்க. மதுரை டாக்டர்கள் "பேரும் புகழும் வேணாம்" என்று எழுதாமலே இருந்திருந்தால்? அவர்கள் கண்டது அந்த மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே நின்றிருக்கும். வேறு நாட்டில் ஒரு விவசாயிக்குக் கண் போயிருக்கும். பலனில் பற்று வேண்டாம் என்பது சரி. ஆனால் பலன் அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் இருப்பது பற்றின்மை இல்லை, அலட்சியம்.

அப்படியானால் அந்த எண்ணை எப்படிப் பார்ப்பது? நம் பெரியோர் மூன்று கடன்கள் சொன்னார்கள்: தேவர் கடன், ரிஷி கடன், பித்ரு கடன். கற்றுக்கொடுத்தவருக்கு நாம் பட்டிருப்பது ரிஷி கடன். நாமும் கற்று, மற்றவருக்குச் சொல்லித்தான் அதைத் தீர்க்க முடியும். ஒரு கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோளும் அதுதானே? "இதை இவரிடமிருந்து பெற்றேன்" என்ற கடன் ஒப்புதல்.

அந்த ஒப்புதலை எழுத வேண்டியவர் பெற்றவர். கொடுத்தவரே நோட்டுப் புத்தகம் வைத்து எண்ண ஆரம்பித்தால் தானம் வியாபாரமாகிவிடும். எண்ணைக் கூட்டுவதற்காக ஒரே ஆய்வை நான்காக வெட்டுவது, நண்பர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்வது எல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த 434 பேரின் பெயர் எந்த மேற்கோள் பட்டியலிலும் வராது. வலியோடு உட்கார்ந்து, கண்ணைத் திறந்து காட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஹெச்-இன்டெக்ஸ் கிடையாது. கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

தங்கையிடம் இதைத்தான் சொன்னேன்: "ரெண்டு பேரோட கட்டுரையையும் படிம்மா. 40ஐ உதறாத, 12ஐ ஒதுக்காத. யாரோட வேலை யாருக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு பாரு. நோயாளியை மறக்காதவர் யாருன்னு பாரு. அவர்கிட்ட சேரு."

ஆராய்ச்சி செய்யாத நமக்கும் இதில் பங்கு உண்டு. 2019 கணக்குப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். அது கண்ணின் விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும், ஆண்டுக்கொரு முறை பரிசோதித்தால் காப்பாற்றலாம் என்று யாரோ உழைத்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவையோ அம்மாவையோ கடைசியாக எப்போது கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனீர்கள்?

அந்தக் கட்டுரைக்கு நாம் காட்டக்கூடிய மேற்கோள் அதுதான்.