பந்தம் பிடிக்கிறவன்

“மாமா, இங்கயும் பந்தம் பிடிக்காவ. ஆனா பிடிக்கவனப் பாத்துக் கை தட்டுதாவ.”

2010 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து என் அக்கா மகன் போனில் சொன்னது இது. கட்டட வேலைக்கு அங்கே போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது அவனுக்கு. முதலாவது இளையோர் ஒலிம்பிக் அந்த மாதம் 14ஆம் தேதி அங்கே தொடங்கியது. 14 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான உலகப் போட்டி. அதற்கு முந்தின நாட்களில் தீவு முழுக்கச் சுடரோட்டம். வேலை முடிந்து லாரியின் பின்தட்டில் திரும்பிக்கொண்டிருந்தவர்களை ரோட்டில் நிறுத்திவிட்டார்களாம்.

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தம் என்கிற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

நாங்கள் செங்கோட்டைப் பக்கத்து வண்ணார். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் வண்ணார் பட்டியல் சாதி. வட்டத்தின் எல்லையைத் தாண்டிவிட்டால் அதே வெள்ளாவி, அதே துறை, ஆனால் வேறு பட்டியல். 1956 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு கிடந்ததன் மிச்சம் அது. அது கிடக்கட்டும். கோயில் திருவிழாவிலும் பெரிய வீட்டுக் கல்யாண ஊர்வலத்திலும் பந்தம் பிடிப்பது என் தாத்தாவின் முறை. பழந்துணியைக் கிழித்து முறுக்கிப் பந்தம் சுற்றுவதும் அவர்தான். எண்ணெயை மட்டும் கோயிலில் அளந்து ஊற்றுவார்கள். வெளிச்சம் சாமி முகத்தில் விழ வேண்டும், மாப்பிள்ளை முகத்தில் விழ வேண்டும். பிடிக்கிறவன் முகம் தெரியக்கூடாது. காய்ந்த எண்ணெய் சொட்டிச் சொட்டி அவருடைய வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் பொரிந்து கிடக்கும். ஒரு ஐப்பசி மழையில் பந்தம் அணைந்துபோனதற்காகப் பல்லக்குக்கு முன்னாலேயே அவரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் அறுப்புக் காலத்தில் களத்தில் கொஞ்சம் நெல் கிடைக்கும். அந்த நெல்லுக்கு ஊரில் பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம். “வண்ணான் சுதந்திரம் வாங்கிட்டுப் போயிட்டானா?” என்று கேட்பார்கள்.

அண்டிப் பிழைக்கிறவனை, முகத்துதி பாடுகிறவனை, தமிழில் ‘பந்தம் பிடிக்கிறவன்’ என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிக்கச் சொன்னவனைத் திட்ட அப்படி ஒரு சொல் நம்மிடம் இல்லை.

ஆகவே என் மருமகனின் பேச்சு என்னைத் தொந்தரவு செய்தது. ஒரே காரியம். நெருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போவது. இங்கே இழிவு, அங்கே கௌரவம். எது இதை மாற்றுகிறது? இடமா, காசா, கை தட்டுகிற ஆளா? அந்தச் சுடரின் கதையைத் தேடிப் படித்தேன்.

முதலில் நினைத்தது போல அது கிரேக்கக் காலத்திலிருந்து ஓடிவருகிற நெருப்பு இல்லை. நவீன ஒலிம்பிக்கில் சுடர் ஏற்றியதே 1928இல் ஆம்ஸ்டர்டாமில்தான். அந்த நகரத்து மின்சாரக் கம்பெனித் தொழிலாளி ஒருவர் ஏற்றினார். சடங்கு இல்லை, ஓட்டம் இல்லை. எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. ஒலிம்பியாவில் சூரிய ஒளியைக் குழியாடியில் குவித்து நெருப்பு உண்டாக்கி, கை மாற்றிக் கை மாற்றிப் போட்டி நடக்கும் ஊருக்குக் கொண்டுபோகும் ஓட்டம் 1936இல் பெர்லினுக்காக உண்டாக்கப்பட்டது. யோசனையை நடத்திக்காட்டியவர் கார்ல் டீம். பந்தங்களைச் செய்து கொடுத்தது பீரங்கி செய்கிற குரூப் கம்பெனி. ஏழு நாடுகள் வழியாக 3,000க்கும் மேற்பட்டவர்கள் ஓடினார்கள். ஹிட்லர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் போய் முடிந்தது ஓட்டம். அங்கே தொங்கிய மணியில், உலக இளைஞர்களை அழைக்கிறேன் என்று பொறித்திருந்தது.

நெருப்பு ஏற்றியது ஜூலை 20. அதற்கு நான்கு நாள் முன்னால், ஜூலை 16 அன்று, பெர்லினில் இருந்த ரோமா, சிந்தி மக்களைப் போலீஸ் சுற்றி வளைத்தது. நம் ஆட்கள் ஜிப்சிகள் என்று சொல்லுவார்களே, அவர்கள். சுமார் 600 பேரைப் பிடித்து மார்ட்சான் என்ற இடத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். சாக்கடைத் தண்ணீர் பாயும் வயலுக்கும் கல்லறைக்கும் பக்கத்தில். விருந்தாளிகள் வரும்போது நகரம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். சேரி எங்கே இருக்கும் என்பதை அந்தப் போலீசுக்கு யாரும் மனுவைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே, சுடுகாட்டை ஒட்டி. பிற்பாடு 1943இல் அவர்களில் பெரும்பாலோரை ஆஷ்விட்சுக்கு ஏற்றினார்கள்.

அதே 1936இல்தான் அம்பேத்கர் லாகூரில் பேசவிருந்த உரையைப் பேச விடாமல் செய்தார்கள். அவரே அதை அச்சடித்து வெளியிட்டார். ‘சாதி ஒழிப்பு’. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைப்பது. அதில் மனிதனின் விருப்பத்துக்கு இடமே இல்லை என்று அதில் வாதாடுகிறார். இதை வைத்துப் பார்த்தால் என் கேள்விக்கு விடை சுலபம். தாத்தாவுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது, அதனால் இழிவு. சிங்கப்பூரில் ஓடிய பிள்ளைக்குச் சொல்ல முடியும், அதனால் கௌரவம்.

ஆனால் தோழர்களே, பெர்லினுக்கு ஓடியவர்களும் விரும்பித்தானே ஓடினார்கள்? கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. பேர் உண்டு, கை தட்டல் உண்டு. அப்படியும் அவர்கள் பிடித்த வெளிச்சம் யார் முகத்தில் விழுந்தது? என் தாத்தாவுக்காவது தான் யாருக்குப் பிடிக்கிறோம் என்று தெரியும். விருப்பம் இல்லாமல் கௌரவம் கிடையாது, சரி. விருப்பம் மட்டும் இருந்தால் போதுமா?

2010இல் ஒலிம்பியாவில் ஏற்றிய அந்த இளையோர் சுடர் முதலில் போன ஊர் பெர்லின். அப்புறம்தான் டக்கார், மெக்சிகோ சிட்டி, ஆக்லாந்து, சியோல். கறை பட்ட இடத்துக்குத் திரும்பப் போனால் கறை போகுமா? வெளுக்கிறவன் வீட்டுப் பிள்ளை நான். சில கறை துவைக்கத் துவைக்க ஆழமாக இறங்கும். சிலது வெயிலில் கிடந்தே போய்விடும். துணியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

பறை விஷயத்தில் தொண்ணூறுகளில் நமக்குள் நடந்த சண்டை இதே சண்டைதான். சாவுக்கு அடித்த பறையைக் கொளுத்து என்றார்கள் ஒரு பக்கம். அது நம் கலை, மேடையேற்று என்றார்கள் இன்னொரு பக்கம். நான் கொளுத்தச் சொன்ன பக்கம். கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன்.

அந்தப் பேச்சின் விலையை என் மகள் கொடுத்தாள். போன் வந்து ஐந்து மாதம் கழித்து, 2011 ஜனவரியில், அவள் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா. ஒன்பதாம் வகுப்பு. 400 மீட்டரில் அவளை அடிக்க ஆள் கிடையாது. சுடரை ஏந்தி மைதானத்தைச் சுற்றி வர அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஓடி வந்து சொன்னாள். “நம்ம வீட்டுல இனி யாரும் பந்தம் பிடிக்கக் கூடாது” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தாவின் கையைப் பற்றிச் சொன்னேன், அறையைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப நான் ஓடக் கூடாதுன்னு சொல்லுதது நீங்களா, அந்த ஊர்க்காரங்களாப்பா?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை. அவள் ஓடவில்லை. வேறொரு பிள்ளை ஓடியது. இவள் பிற்பாடு 400 மீட்டரில் ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்காமல் அடுக்களையில் அவள் அம்மாவிடம் கொடுத்தாள்.

என் தாத்தாவின் பிறப்பு அவரைப் பந்தம் பிடிக்க வைத்தது. அதே பிறப்பு, என் வாய் வழியாக, அவளைப் பிடிக்க விடாமல் செய்தது. இரண்டு இடத்திலும் கேட்கப்படாதது ஒன்றுதான். பிடிக்கப் போகிறவளின் விருப்பம். அவள் ஓடியிருந்தால் யார் முகத்தில் வெளிச்சம் விழுந்திருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவள் முகத்தில்தான் விழுந்திருக்கும். தாத்தாவின் முகத்தில் ஒருநாளும் விழாத வெளிச்சம். பறையைக் கையிலெடுத்த பிள்ளைகள் சிலர் இதைத்தான் எனக்குச் சொல்ல முயன்றார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மருமகன் இரண்டு வருஷம் முன்னால் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். அன்றைக்கு அந்தச் சுடரை ஏந்தி வந்தது யார், ஆணா பெண்ணா, எந்த நாட்டு ஆள் என்று அவனிடம் கேட்டேன்.

“எங்க மாமா தெரிஞ்சிது? லாரிய விட்டு இறங்கக் கூடாதுன்னுட்டாவ. கூட்டம் மறைச்சிட்டு. தலைக்கு மேல நெருப்பு மட்டும் போச்சு.”