மாறுபாடெல்லாம் பிழையன்று

போஸ்ட்கிரெஸ் என்று சுருக்கமாக வழங்கப்பெறும் தரவுத்தளச் சேவையக மென்பொருளின் மூல நிரலை எவரும் இலவசமாகப் பெற்றுத் தம் கணினியில் தொகுத்துக்கொள்ளலாமாயினும், அதனிடம் கணக்குவழக்குகளை ஒப்படைப்பதற்கு முன்னர், 'மேக் செக்' என்னும் கட்டளையை இட்டு, கூடவே வரும் பரிசோதனைத் தொகுதியை ஓடவிட்டுப் பார்ப்பதே விவேகிகளின் காரியம். அக்கட்டளை தற்காலிகமாக ஒரு சேவையகத்தை நிர்மாணித்து, வினவல்களை அதனிடம் விடுத்து, வந்த விடைகளை முன்பே எழுதிவைத்த விடைகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறுபட்டவற்றைத் தனிக் கோப்பில் பதிந்துவிடுகிறது. (சர்வ அதிகாரமும் படைத்த ரூட் பயனராக இருந்து இதை நடத்த முயன்றால் சேவையகம் இயங்க மறுத்துவிடும், நல்ல நியமம்.)

ஆனால் மாறுபாடு கண்ட மாத்திரத்தில் பதறுவது அநாவசியம். வரிசை இன்னதென்று கேளாத வினவலுக்கு விடைகள் எந்த வரிசையிலும் வரலாம். கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து அகராதிக் கிரமம் மாறலாம். தசம எண்களின் கடைசி இலக்கம் செயலிக்குச் செயலி சற்றே பிறழலாம். இது கருதியே சில பரிசோதனைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைக் கோப்புகளை வைத்திருக்கிறார்கள். அப்படியும் எஞ்சுகின்ற மாறுபாட்டை நிதானமாக வாசித்துப் பார்த்தே தீரவேண்டும். வாசியாமல் பரிசோதனையையே நீக்கிவிடுவது சோம்பேறித்தனம்.

தொண்டர்கள் தம் செலவில் நடத்தும் பற்பல கணினிகள், ஒவ்வொன்றும் ஒரு பிராணியின் பெயர் தாங்கி, வெவ்வேறு இயங்குதளங்களில் இப்பரிசோதனைகளை இடையறாது நடத்தி முடிவுகளைப் பகிரங்கமாக அறிவிக்கின்றன. அபூர்வமான செயலி கொண்ட கணினியொன்று உங்களிடம் சும்மா கிடக்குமாயின், அதையும் அக்கூட்டத்தில் சேர்க்க விண்ணப்பியுங்கள்.